ஹோலிச் செடி பூக்கிறது, காய்க்கவில்லை

கேள்வி:
இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் இருக்கிறோம். ஆறு வருடத்துக்கு முன் வேலியோரம் ‘சில்வர் குயீன்’ என்ற வகை ஹோலி (கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் வரும் முள் இலைச் செடி) வைத்தேன், இலை விளிம்பில் வெள்ளைக் கோடு போட்டு அழகாக என் தோள் உயரம் வந்துவிட்டது, மே மாதம் பூவும் பூக்கிறது, ஆனால் கிறிஸ்துமஸுக்கு ஒரு சிவப்புப் பழம்கூட இல்லை. உரம் போதவில்லையா?

பதில்:
உரம் காரணமில்லை அக்கா. நம்ம பனை மாதிரி ஹோலியிலும் ஆண் வேறு, பெண் வேறு. பெயரில் ராணி இருந்தாலும் சில்வர் குயீன் ஆண், அது காய்க்கவே காய்க்காது. பூவை உற்றுப் பாருங்கள்: நாலு வெள்ளை இதழுக்கு நடுவே பச்சைக் குமிழ் துருத்திக்கொண்டிருந்தால்தான் பெண். பக்கத்தில் ஒரு ‘கோல்டன் கிங்’ வையுங்கள், அது பெண். தேனீக்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பதில்:
இடம் குறைவு என்றால் ‘ஜே.சி. வான் டால்’ என்ற ஹோலி வகையை வையுங்கள், துணையில்லாமலே காய்க்கும், இலையில் முள்ளும் குறைவு. தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் வேண்டாம். அப்புறம், குளிர்கால முடிவில் ஒட்ட வெட்டிவிடாதீர்கள், போன வருடக் கிளையில்தான் பூ வரும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கவனம், பழத்தைத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

கேட்டவர்:
குமிழ் இல்லை, ஆண்தான். இந்த இலையுதிர்காலமே கோல்டன் கிங் வைக்கிறேன், ரொம்ப நன்றி.