பிள்ளையின் இதயத்தில் வெள்ளைப் புள்ளியாம், பயப்பட வேணுமா?

ஆரையம்பதிக்காரி:
எனக்கு 29 வயது, முதல் பிள்ளை, இப்ப 20 கிழமை. நேற்று டவுனில் ஒரு தனியார் இடத்தில் ஸ்கேன் செய்தோம். செய்தவர் திரையில் இருந்து கண்ணை எடுக்காமலே "இதயத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி, டவுன் சின்ட்ரோமுக்கும் இப்படி வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். டவுன் சின்ட்ரோம் என்றால் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருந்து பிள்ளையின் அறிவு வளர்ச்சி பிந்துகிற நிலையாம். மற்றதெல்லாம் நோர்மல் என்று ரிப்போர்ட்டில் இருக்கு. வந்ததில் இருந்து சோறு இறங்கவில்லை, மாமி வேறு கிரகணத்தன்று நான் முற்றத்துக்குப் போனதைச் சொல்லிச் சொல்லி உயிரை எடுக்கிறா. கிளினிக் அடுத்த கிழமைதான்.

கல்முனை ராத்தா:
தங்கச்சி, என் ரெண்டாவது மகனுக்கும் இதே புள்ளிதான் சொன்னாங்க. போன மாதம் மதிலால் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டு நிற்கிறான், வேறு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவனை வைத்து உங்கள் பிள்ளையைச் சொல்ல ஏலாது, டொக்டரிடம் கேளுங்க.

ஸ்கேன் அறை:
என் வேலையே இதுதான், ஆனால் உங்கள் படத்தைப் பார்க்காமல்தான் எழுதுகிறேன். அது இதயத்தில் ஓட்டை இல்லை. தசையில் துளியளவு கல்சியம் படிந்தால் எலும்பைப் போல வெள்ளையாகத் தெரியும், ஒரு குறையும் இல்லாத பிள்ளைகளிலேயே 100க்கு 3 முதல் 5 பேருக்கு இருக்கும், ஆசிய ஆட்களில் இன்னும் கூட. அது மட்டும் தனியே இருந்தால் டவுன் சின்ட்ரோமுக்கு உங்கள் வயதில் உள்ள வாய்ப்பு பெரிதாக மாறாது, 29 வயதில் அது ஏறத்தாழ 1000க்கு ஒன்று. பிடரித் தோல் 6 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் தடித்திருந்தால், மூக்கு எலும்பு தெரியாவிட்டால், குடல் எலும்பளவு வெளுத்திருந்தால் அது வேறு கதை. ரிப்போர்ட்டில் இவற்றைப் பற்றி எழுதியிருக்கா? எழுதாவிட்டால் நோர்மல் என்று எடுக்காதீங்க, பார்க்காமலே விட்டிருக்கலாம். 11 முதல் 14 கிழமைக்குள் பிடரி நீர் அளந்தாங்களா?

ஆரையம்பதிக்காரி:
கிளினிக் புத்தகத்துக்குள் 12 கிழமை ரிப்போர்ட் மடித்துக் கிடந்தது. என்டீ, அதாவது நீங்கள் கேட்ட பிடரி நீர், 1.4 மில்லிமீற்றர், மூக்கு எலும்பு தெரிகிறது என்று இருக்கு. நேற்றைய தாளில் பிடரித் தோல் 4.

ஸ்கேன் அறை:
நல்லது, ரெண்டு தாளையும் வி.ஓ.ஜியிடம் (மகப்பேற்று விசேட டொக்டர்) கொண்டு போங்க. மனம் ஆறாவிட்டால் என்ஐபிடி என்ற இரத்தப் பரிசோதனை இருக்கு, டவுன் சின்ட்ரோமை 100க்கு 99 வரை பிடிக்கும், செலவுதான் கூட. அதுவும் முடிவான பதில் இல்லை, முடிவு தெரிய நீர்க்குடத்தில் ஊசி போட்டு நீர் எடுக்கவேணும். என் தங்கச்சி என்றால் ஊசி வரை போகவிடமாட்டேன்.

திருக்கோவில் அப்பா:
எங்களுக்கு எல்லா ஸ்கேனும் சரி என்றுதான் சொன்னாங்க, மகள் பிறந்த பிறகுதான் டவுன் சின்ட்ரோம் என்று தெரியும். அதனால் நல்ல ஸ்கேனும் உத்தரவாதம் இல்லை. இங்கே இலங்கையில் தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலன்றி கருவைக் கலைக்கச் சட்டம் விடாது, பின்னே ஏன் பார்க்கிறது என்று சிலர் கேட்பாங்க. இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இதயத்தில் பிரச்சினை இருக்கும். முதலே தெரிந்திருந்தால் பிறந்த கையோடு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்திருப்போம், மூச்சு வாங்குவதை எட்டு மாதம் வரை சளி என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கமாட்டோம். மறுகா ஒப்பரேஷன் முடிந்து, இப்ப அவள்தான் வீட்டு ராணி.

ஆரையம்பதிக்காரி:
எல்லாருக்கும் நன்றி, இன்றைக்குத்தான் சாப்பிட்டேன். மாமிக்கு வாசித்துக் காட்டினேன், கிரகணத்தை விட்டுவிட்டு இப்ப அந்த ஸ்கேன்காரரை ஏசுகிறா.