புதுப்பிப்பு: காது கேளாத தம்பியின் வழக்கு

போன மாதம் எழுதியிருந்தேன்: யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும், காது கேளாத 15 வயதுத் தம்பியைச் சைக்கிள் களவென்று பொலிஸார் பிடித்து, அவனுக்கு விளங்காத வாக்குமூலத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள்.

நேற்றைய நீதிமன்றத் தவணையில் சைகைமொழி தெரிந்த ஆசிரியை ஒருவர் பக்கத்தில் நின்றார். முதலில் அவன் விரல்கள் நடுங்கின, அப்புறம் நிற்கவே இல்லை. அத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தவை. நன்னடத்தை அலுவலரின் அறிக்கை வரும்வரை அவன் தாயோடு வீட்டில் இருக்கலாம்.

இந்த வயதுப் பிள்ளைமேல் குற்றம் சுமத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 2018 திருத்தத்தின்படி 12 வயதுக்குக் கீழ் குற்றப்பொறுப்பு இல்லை. 12 முதல் 14 வரை பிள்ளையின் முதிர்ச்சியை நீதவான் பார்க்க வேண்டும். இவனுக்கு அந்தக் காப்பு இல்லை. சரி, ஆனால் மொழிபெயர்ப்பாளர் முதல் விசாரணையிலேயே இருந்திருக்க வேண்டும்.

வாக்குமூலத்தை எதிர்க்கிறோம்.