எமரால்ட் கேட்ரிட்ஜ்: பேட்டரி மாற்றினால் சேவ் அழியுமா?

ரோஸ்ஹில்காரன்:
வணக்கம். மொரீஷியஸின் க்வாத்ர் போர்ன் சந்தையில் வாங்கிய போக்கிமான் எமரால்ட் (கேம்பாய் அட்வான்ஸ் ஆட்டம்), பிரெஞ்சுப் பதிப்பு. ஆரம்பிக்கும்போதே உள் பேட்டரி தீர்ந்துவிட்டது, கடிகாரம் சார்ந்தவை இனி நடக்காது என்று செய்தி வருகிறது. ஆட்டத்தில் நட்ட பெர்ரி முளையோடு நிற்கிறது, ஷோல் குகையில் எந்நேரமும் தண்ணீர். முன்பு விளையாடியவரின் சேவ் (ஆட்டப் பதிவு) உள்ளே இருக்கிறது, நேஷனல் டெக்ஸ் (எல்லாப் பகுதிப் போக்கிமான்களும் அடங்கிய ஏடு) வரை போயிருக்கிறார். அதை இழக்க விருப்பமில்லை. பேட்டரியைக் கழற்றினால் சேவ் போய்விடுமா? கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் பேட்டரி போதுமா? இந்தப் போக்கிமான்களை டிஎஸ் லைட்டில் இருக்கும் என் ஆங்கிலப் போக்கிமான் டயமண்டுக்குக் கொண்டுபோக முடியுமா?

பெர்ரித்தோட்டம்:
திருப்புளியை எடுப்பதற்கு முன் அது அசலா போலியா என்று பார்த்துவிடுங்கள் தம்பி. உங்கள் முதல் கேள்விக்கு விடையே அதில்தான் இருக்கிறது.

அசல் எமரால்ட் சேவை ஃபிளாஷ் மெமரியில் எழுதுகிறது. பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். கழற்றி ஒரு வாரம் மேசையில் போட்டாலும் சேவ் அப்படியே இருக்கும். போலிகளில் பலவற்றில் கடிகாரச் சில்லே கிடையாது, அதனால் புதிதாக வாங்கிய அன்றே "பேட்டரி தீர்ந்தது" என்று சொல்லும். பேட்டரி வைத்த போலிகளில் அந்தப் பேட்டரிதான் சேவைத் தாங்கிக்கொண்டிருக்கும், கழற்றினால் எல்லாம் போச்சு. செய்தி இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

பார்க்க வேண்டியவை: ஓடு ஒளி ஊடுருவும் பச்சையாக இருக்க வேண்டும். லேபிளில் மையில்லாமல் அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் இருக்கும், சாய்த்துப் பிடித்தால் தெரியும். தங்க முனைகளுக்குச் சற்று மேலே போர்டில் நிண்டெண்டோ என்ற எழுத்து தெரியும். லேபிள் குறியீட்டின் நடுவில் பிரெஞ்சுக்கு பிபிஇஎஃப், ஆங்கிலத்துக்கு பிபிஇஇ. குறியீடு ஆங்கிலம், ஆட்டம் பிரெஞ்சு என்றால் அப்போதே சந்தேகப்படுங்கள். இவற்றில் ஒன்று மட்டும் பொருந்துவது போதாது. லேபிளை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், ஆகவே நான் அதிகம் நம்புவது போர்டைத்தான்.

பழைய போக்கிமான் கிரிஸ்டலை வைத்து எமரால்டை எடை போடாதீர்கள். அதில் சேவும் கடிகாரமும் ஒரே சிஆர்2025 பேட்டரியில். அங்கே கழற்றினால் அசலிலும் அழியும்.

ஈயப்புகை:
அசல் என்று உறுதியானால் இப்படிச் செய்யுங்கள்.

தேவை சிஆர்1616, 3 வோல்ட், இரண்டு பக்கமும் தகடு பற்றவைத்தது. கார் சாவி ரிமோட்டுக்குப் போடும் அதே அளவுதான், ஆனால் கடையில் கிடைப்பது தகடு இல்லாத வெறும் வட்டு. வட்டின் மேல் நேராக ஈயம் வைக்காதீர்கள். சூட்டில் உள்ளே வாயு சேர்ந்து உப்பும், வெடிக்கவும் கூடும். தகடு வைத்ததை வரவழையுங்கள். சிஆர்2016, 2025 இரண்டும் 20 மில்லிமீட்டர் அகலம், அந்த இடத்தில் உட்காராது.

பின்புறத் திருகுக்கு மூன்று கை முனையுள்ள திருப்புளி வேண்டும். தட்டைத் திருப்புளியால் வம்புக்குத் திருகினால் தலை மழுங்கும், பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

திறந்ததும் பழைய பேட்டரியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டில் கூட்டல், கழித்தல் குறி இருந்தாலும் படம் இருந்தால் சந்தேகம் வராது. பற்றவைக்கும் இரும்பு 350 டிகிரி செல்சியஸ். பழைய ஈயம் உருக மறுக்கும், அதன் மேல் புது ஈயம் கொஞ்சம் வைத்தால் இளகிவிடும். ஒரு முனைக்கு 2, 3 விநாடிக்கு மேல் வேண்டாம். இளகுவதற்கு முன் பேட்டரியை நெம்பினால் போர்டிலிருக்கும் செப்புத் தடம் பெயர்ந்து வந்துவிடும். இந்த வேலையில் மற்ற தவறுகளைத் திருத்தலாம், அதைத் திருத்துவதுதான் பெரும்பாடு.

புதியதை வைப்பதற்கு முன் மல்டிமீட்டரில் பாருங்கள், 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். க்யூர்ப்பிப் பக்கம் ஈரம் அதிகம், கடலோரத்தில் உப்புக் காற்று. முனைகளில் பச்சை படிந்திருந்தால் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துணிக்குச்சியை நனைத்துத் துடைத்து, முழுக்க உலர்ந்த பிறகே மூடுங்கள்.

கடல்கரும்பு:
ஈயம் தெரியாதவர்கள் பழைய தகடுகளுக்கு நடுவில் புது வட்டைச் செருகி டேப் ஒட்டினாலும் ஓடுமே அண்ணா?

ஈயப்புகை:
சில நாள் ஓடும். பை குலுங்கி ஒரு நொடி தொடர்பு விட்டாலும் கடிகாரம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். டேப் பசை நம் வெயிலில் இளகிப் போர்டெல்லாம் பரவும். ஃபோன் பழுதுபார்ப்பவர் யாரிடமாவது தகடு வைத்த பேட்டரியோடு கொடுத்தால் பத்து நிமிட வேலை.

ரோஸ்ஹில்காரன்:
போர்டில் எழுத்து இருக்கிறது, அசல்தான். பேட்டரி மாற்றியாயிற்று, செய்தி போய்விட்டது, சேவ் பத்திரம். ஷோல் குகையில் தண்ணீர் வடிகிறது. ஆனால் பெர்ரி இன்னும் அசையவில்லை, லாட்டரி எண்ணும் மாறவில்லை. பேட்டரி சரியில்லையா?

பெர்ரித்தோட்டம்:
பேட்டரி நன்றாக இருக்கிறது. குகையின் நீர்மட்டம் மணியை மட்டும் பார்க்கும்: 3 முதல் 9 வரை வற்றும், 9 முதல் 3 வரை ஏறும், பகலிலும் இரவிலும் அப்படியே. பெர்ரியும் லாட்டரியும் கடைசியாகப் பதிந்த தேதியோடு ஒப்பிடும். புது பேட்டரியில் கடிகாரம் 2000 ஜனவரி 1-இல் தொடங்கியிருக்கிறது. சேவில் பதிந்த தேதி அதற்குப் பிந்தியது. கடிகாரம் பின்னோக்கிப் போனதாகக் கணக்கிட்டு ஆட்டம் எதையும் வளர்க்காது. பழைய பேட்டரி நான்கு வருடம் ஓடியிருந்தால், இதுவும் அந்த நாளை எட்டிப் பிடிக்க நான்கு வருடம்.

முதல் திரையிலேயே கடிகாரத்தை மாற்றும் பொத்தான் கூட்டு (பி, செலக்ட், இடது) ஆட்டத்துக்குள் இருக்கிறது, ஆனால் சாதாரண சேவில் பூட்டியிருக்கும். அழுத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம். நேர்வழி, வேண்டிய போக்கிமான்களை வேறு கேட்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டுப் புது ஆட்டம் தொடங்குவது. படுக்கையறைக் கடிகாரத்தை வைத்ததுமே கணக்கு புதிதாகிவிடும். எமரால்டின் தலைமுறை ஆட்டங்களான ஃபயர்ரெட், லீஃப்கிரீனுக்கு அனுப்ப இந்தப் பக்கம் நேஷனல் டெக்ஸ் வேண்டும், உங்களிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் முதல் தீவின் இயந்திரத்தைச் சரிசெய்து முடித்திருக்க வேண்டும்.

படிப்பவர்களுக்கு ஒரு துணுக்கு: பேட்டரி செத்த கேட்ரிட்ஜில் புது ஆட்டம் தொடங்குவதானால் கடிகாரத்தை காலை 4 மணிக்கு வையுங்கள். அந்த மணியிலேயே உறைந்து நிற்பதால் ஷோல் குகை எப்போதும் வற்றியிருக்கும், ஸ்நோரன்ட் என்ற பனிப் போக்கிமானைப் பிடிக்கலாம். நண்பகலுக்கு வைத்தவர் பனி அறையை எட்டவே முடியாது.

பிரெஞ்சுமேசை:
டயமண்ட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. மொழி கேட்ரிட்ஜோடு வருவது, மெனுவில் மாற்ற முடியாது. எந்தக் கருவியிலும் ஓடும், பிராந்தியப் பூட்டு இல்லை. ஆனால் பால் பார்க்கில் (டயமண்டில் பழைய ஆட்டத்துப் போக்கிமான்களை வரவழைக்கும் இடம்) இரண்டு ஆட்டமும் ஒரே மொழியாக இருக்க வேண்டும். பிரெஞ்சு எமரால்டை ஆங்கில டயமண்ட் ஏற்காது. இந்தத் தீவில் இரண்டு மொழிக் கேட்ரிட்ஜும் கலந்து சுற்றுவதால் பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சுற்றுவழி: ஆங்கில எமரால்ட் அல்லது ஃபயர்ரெட் ஒன்றை இரவல் வாங்கி, இணைப்புக் கம்பியில் போக்கிமான்களை அதற்கு மாற்றுங்கள். மொழி வேறாக இருந்தாலும் அந்தப் பரிமாற்றம் நடக்கும். டிஎஸ் லைட்டில் கம்பி செருக இடமில்லை, எனவே கேம்பாய் அட்வான்ஸ் அல்லது எஸ்பி இரண்டு வேண்டும். பிறகு அந்த ஆங்கிலக் கேட்ரிட்ஜை டிஎஸ் லைட்டில் போடுங்கள். 24 மணி நேரத்துக்கு 6 மட்டும், போனது திரும்பாது. சர்ஃப் போன்ற எச்எம் தாக்குதல் (சாதாரணமாக மறக்க முடியாதது) தெரிந்தவை போகாது, லிலிகோவ் நகரில் மறக்கடிப்பவரிடம் முதலில் காட்டுங்கள். டயமண்டில் நேஷனல் டெக்ஸ் இல்லாமல் பால் பார்க் திறக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.