புதுப்பிப்பு: தங்கை வேதியியலை விடவில்லை

பொறியியல், கணினி அறிவியல் இரண்டுக்கும் விண்ணப்பிக்கப்போகும் தங்கை வேதியியலை விட்டுவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு இருவரும் உட்கார்ந்து விதிமுறைகளை வரிவரியாகப் படித்தோம். விடவே கூடாது!

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் கணிதப் புலத்தின் கீழ் வருகிறது. உயர்கணிதம்தான் அதற்கு உயிர்நாடி, இயற்பியலும் வேதியியலும் கட்டாயமில்லை. பொறியியலுக்கோ இரண்டுமே வேண்டும். கேம்பிரிட்ஜில் நுழைவுத் தேர்வே வேறு வேறு: கணினி அறிவியலுக்கான டி.எம்.யு.ஏ. முழுக்கக் கணிதம், பொறியியலுக்கான ஈ.எஸ்.ஏ.டி.யில் இயற்பியலும் உண்டு.

ஓரம் கட்டியிருந்த வேதியியல் புத்தகம் இன்று காலை அவள் மேசைக்குத் திரும்பிவிட்டது. மனம் நிம்மதியாக இருக்கிறது.