கற்பனை மெப் வரையிறேன், எல்லா சனமும் அதுல இருக்கணும், ஆனா கலர் அடிச்சா வேலி போட்ட மாதிரி வருது

பதுளைரோட்டுப்_பனி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பண்டாரவளை பக்கம். ஏஎல் எழுதிட்டு ரிசல்ட்ஸ் வர்ற வரைக்கும் வீட்ல சும்மாதான் இருக்கேன், அதான் ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்த வேலைய கையில எடுத்துட்டேன். கற்பனை மெப். ட்ரேகன், மந்திரக் கோட்டை எல்லாம் இல்ல, நம்ம பூமியேதான், மலை கடல் ஆறு எல்லாம் அதே எடத்துல, ஆனா வெள்ளக்காரன் கப்பலே ஏறாம இருந்து, அழிஞ்சுபோன சின்னச்சின்ன சனங்களும் அவங்க மொழி, சாமி, கூத்து எல்லாமும் உசுரோட இருந்திருந்தா இன்னைக்கு ஒலகம் எப்படி இருக்கும்ங்கிறதுதான் மெப்.

போடுறதுக்கு விஷயம் நெறைய இருக்கு. 1788ல அவன் போய் எறங்குன நேரம் அவுஸ்திரேலியாவுல மட்டும் 250க்கு மேல மொழி இருந்திருக்கு. பாப்புவா நியூகினியில இன்னமும் 800க்கு மேல பேசுறாங்க. பிரச்சன வரையிறதுலதான். நான் பாவிக்கிறது அஸ்காரோட மெப் ஜெனரேட்டர், பிரவுசர்லயே ப்ரீயா ஓடும்ல அது, அதுல ஒரு கட்டத்துக்கு ஒரு கல்ச்சர்தான் குடுக்கலாம். கலர் கலரா அடிச்சு முடிச்சிட்டு பாத்தா சனங்க கலந்து வாழுற ஒலகம் மாதிரியே இல்ல, ஆளாளுக்கு வேலி அடிச்சிக்கிட்டு உள்ள குந்தியிருக்கிற மாதிரி இருக்கு. எங்க டவுன்ல ஒரே தெருவுல சிங்களக் கட, முஸ்லிம் கட, நம்ம மலையகத் தமிழ் ஆளுங்க கட எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கு, அத எந்த கலர்ல அடிக்கிறது?

ரெண்டு விஷயம் கேக்கணும். கலந்து இருக்கிறத மெப்புல எப்படி காட்றது. அப்புறம் வரலாத்துல எந்த எடத்துல கைய வச்சா நம்புற மாதிரி வரும், காலனி ஆட்சிய மொத்தமா தூக்கிட்டா போதுமா? பழைய லெப்டொப், 4ஜிபி ரேம்தான், பெரிய சொஃப்ட்வெயார் ஒண்ணும் சொல்லிராதீங்க.

கோடு_போடுறவன்:

தம்பியோ தங்கச்சியோ தெரியல, முதல்ல அந்த பெயின்ட் பக்கெட் டூல மூடி வைங்க. நான் கண்டியில மெப் வரையிற வேலைதான் செய்றேன். நுவரெலியா மாவட்டத்த எடுங்க, 2012 குடிசன மதிப்பீட்டுல இந்தியத் தமிழர்னு பதிஞ்சவங்க 53 வீதம், சிங்களவங்க கிட்டத்தட்ட 40 வீதம். கூடுன ஆளுக்கு கலர்னு அடிச்சா மாவட்டம் முழுக்க நாம மட்டுந்தான், அந்த 40 வீதம் காணாமப் போயிரும். அப்பிடியே எல்லைய தாண்டி பதுளைக்கு போனா நாம காணாமப் போயிருவோம். ரெண்டும் பொய்.

புள்ளி மெப் போடுங்க. கியூஜிஐஎஸ்ங்கிற மெப் சொஃப்ட்வெயார் ப்ரீதான், 4ஜிபியில மெதுவா ஓடும் ஆனா ஓடும். ஒவ்வொரு சனத்துக்கும் ஒரு லேயர், ஒரு புள்ளின்னா ஆயிரம் பேர்னு வச்சிக்கிட்டு பொலிகனுக்குள்ள, அதாவது எல்ல போட்ட ஏரியாவுக்குள்ள, ரெண்டம் புள்ளி போடுற டூல்ல குடுத்தா அதுவே தூவிரும். ரெண்டு எடத்துல கவனமா இருக்கணும். அது ஆத்துக்குள்ளயும் மலை உச்சியிலயும் கூட ஆள குடிவச்சிரும், அதனால ஆள் இல்லாத எடத்த முன்னாடியே வெட்டி எடுத்துருங்க. அடுத்தது லேயர் ஒண்ணுக்கு மேல ஒண்ணு இருந்தா மேல இருக்கிற கலர் கீழ இருக்கிறத மூடிரும், யாரு பெரும்பான்மைங்கிறது லேயர் அடுக்குன ஒழுங்குலயே முடிவாயிரும், அதனால எல்லாத்தையும் ஒரே லேயரா சேத்து, ரெண்டம் நம்பர் ஒண்ணு குடுத்து கலைச்சுப்போட்டு வரைய விடுங்க.

கலர் விஷயத்துலயும் பாத்து. மொதலாம் ஒலக யுத்தம் முடிஞ்ச நேரம் ஹங்கேரியில பால் டெலெகின்னு ஒரு புவியியல் ஆளு, பின்னால பிரதமராவும் வந்தாரு, சமாதானப் பேச்சுக்கு கொண்டுபோக ஒரு மெப் செஞ்சாரு. 1 சதுர மில்லிமீட்டர்னா 100 பேர், ஆள் இல்லாத எடம் வெள்ள. கேக்க ரொம்ப நியாயமா இருக்கும். ஆனா ஹங்கேரிக்காரனுக்கு மட்டும் கண்ணுல குத்துற செவப்பு, மலையில பரவலா இருந்த ருமேனியக்காரனுக்கு வெளுத்த கலர். கணக்குல பிழையில்ல, ஆனா பாக்கிறவன் கண்ணுக்கு செவப்புதான் தெரியும். நீங்களும் நம்ம சனத்துக்கு செவப்பு அடிச்சிட்டு மத்தவனுக்கு சாம்பல் அடிச்சிராதீங்க.

ஹட்டன்_டீச்சர்:

வரையிறத பத்தி எனக்கு தெரியாது, நான் ரெண்டாவது கேள்விக்கு வாறேன். வெள்ளக்காரன் கப்பலே ஏறலன்னு சொல்றீங்க, சரி புள்ள, அப்பிடின்னா ஒங்க மெப்புல பண்டாரவளையில யாரு இருப்பா? நீங்க இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன். நாம இங்க வந்ததே அந்தக் கப்பலாலதான்.

இன்னொரு விஷயம் இருக்கு. வெள்ளக்காரன் இந்த மலையில காப்பி நட்ட காலத்துல நம்ம ஆளுங்க திருச்சி, சேலம், புதுக்கோட்ட, ராமநாதபுரம் பக்கம் இருந்து வந்து, மன்னார்ல எறங்கி காட்டு வழியா மாத்தள வரைக்கும் நடந்தே போய், பழம் பறிக்கிற சீசன் முடிஞ்சதும் நெறைய பேர் திரும்பி ஊருக்கே போயிட்டாங்க. வழியில செத்துப்போனவங்களுக்கு கணக்கு இல்ல. 1869ல மடுல்சீம பக்கம் காப்பி எலையில ஆரஞ்சு கலர்ல ஒரு பூஞ்ச புடிச்சிச்சு. மலை மலையா காப்பி மட்டுந்தானே நட்டிருந்தான், காத்துல பரவி இருவது வருஷத்துக்குள்ள காப்பியே ஒழிஞ்சிருச்சு. 1867லயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில 19 ஏக்கர்ல தேயில போட்டிருந்தான், அப்புறம் எல்லாரும் அதுக்கு மாறுனாங்க. தேயில வருஷம் பூரா கொழுந்து விடும், சீசனுக்கு வந்துட்டு போற ஆள வச்சு அது நடக்காது, பொண்டாட்டி புள்ளைங்களோட குடும்பமா பிடிச்சு வச்சாத்தான் நடக்கும். நாம தலமொறையா இங்க தங்குன ஒரு சனமா ஆனதுல அந்தப் பூஞ்சைக்கும் பெரிய பங்கு இருக்கு. கெட்டது நடந்த எல்லா எடத்தையும் அழிச்சுக்கிட்டே வந்தீங்கன்னா மெப்புல சனம் கூடாது, கொறையும்.

அதனால மொத்தமா தூக்காம ஒரே ஒரு எடத்துல கைய வைங்க. 1815ல கண்டி ராச்சியம் வெள்ளக்காரன் கையில விழல, அவ்வளவுதான் மாத்தம். கண்டியில 1739ல இருந்து நாயக்கர் ராஜாக்கள், தெக்க இருந்து வந்த சொந்தக்காரங்களோட. அதுக்கும் முன்னாடி 1626ல போர்த்துக்கீசன் விரட்டுன முஸ்லிம்கள செனரத் ராஜா கெழக்குல குடிவச்சாரு. ஒல்லாந்தன் கத்தோலிக்கர அடிச்ச காலத்துல 1692ல யோசப் வாஸ் சாமியார் போய் சேந்ததும் கண்டிக்குத்தான். ராஜாக்கு நல்ல மனசுன்னு மட்டும் நெனைக்காதீங்க, கரையோரம் பெரும்பாலும் எதிரி கையில, மலைக்குள்ள உப்பும் கருவாடும் வரணும், பாக்கு வெளிய போகணும், அதுக்கு மாட்டு மேல பொதி ஏத்திக்கிட்டு தவளம் ஓட்ட முஸ்லிம் வியாபாரி வேணும். தேவ இருந்த எடத்துலதான் பலவித ஆளும் தங்குனாங்க. அந்தத் தேவைய வரையிங்க, சனம் தன்னால வரும்.

வீட்டுநம்பர்_இல்லாதவன்:

எல்லாம் நல்லாத்தான் இருக்கு, எனக்கு மட்டும் ஏன் எரிச்சலா வருதுன்னு தெரியல. நெசமான மெப்புலயே நம்ம லயம், அதான் தோட்டத்து லைன் வீடு, இல்ல, இதுல கற்பனை மெப்பு. எங்க லயத்துக்கு தெரு பேரு கெடையாது, வீட்டு நம்பரு கெடையாது, தோட்டம் பேரும் டிவிஷனும் போட்டா காயிதம் தோட்டத்து ஒபிசுக்கு வரும், அங்க எத்தன நாள் கெடக்கும்னு சாமிக்குத்தான் தெரியும், தங்கச்சிக்கு வந்த இன்டர்வியூ காயிதம் இன்டர்வியூ முடிஞ்சப்புறந்தான் கைக்கு வந்துச்சு. மெப்ப தொறந்தா தோட்டத்துப் பேரெல்லாம் டன்சினேன், ஹோலிரூட், எடின்பரோ, அபோட்ஸ்ஃபோர்ட். ஸ்கொட்லாந்த கொண்டாந்து தலவாக்கல பக்கம் ஒட்டி வச்சிருக்கான். கற்பனை மெப்ப அவன் எப்பவோ வரைஞ்சு முடிச்சிட்டான் மச்சான், அதுக்குள்ளதான் நாம குடியிருக்கோம்.

அவுஸ்திரேலியாவுக்கு போறதுக்கு முன்ன ஒங்க தோட்டத்த வரைங்க. மேக்கணக்கு (மேல் டிவிஷன்) எங்க, கீக்கணக்கு (கீழ் டிவிஷன்) எங்க, எந்த மலைக்கு எந்த நம்பரு, தண்ணி புடிக்கிற பீலி எங்க, மாசியில காமன் கூத்துக்கு காமன் நடுற எடம் எங்க, முனியாண்டி கல்லு எங்க. இது ஒண்ணுமே எந்த மெப்புலயும் இல்ல.

கோத்தகிரிக்காரன்:

நான் நீலகிரியில இருந்து எழுதுறேன், உள்ள வரலாமா? எங்க தாத்தா இலங்கையில அக்கரப்பத்தனை. இலங்கையும் இந்தியாவும் போட்ட 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல நம்ம ஆளுங்க 5,25,000 பேரை இந்தியாவுக்குன்னு எழுதுனாங்கல்ல, அந்தக் கணக்குல வந்த குடும்பம், மண்டபம் கேம்ப்ல இருந்துட்டு 1968ல ஆரம்பிச்ச அரசு தேயிலைத் தோட்டத்துல வேலைக்கு சேர்ந்தாங்க. இன்னும் இங்க எங்களுக்கு சிலோன்காரங்கன்னுதான் பேரு.

பனி கேட்டதுக்கு எங்க மலையே ஒரு பதில் சொல்லும். பழைய காலத்துல ஒரே நீலகிரியில தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர்னு தனித்தனி மொழியோட இருந்திருக்காங்க. இதுக்கு ஏரியா பிரிச்சு கலர் அடிச்சா ஒண்ணுமே புரியாது. மேல புல்வெளியில எருமை வச்சிருந்தது தோடர், விவசாயம் படுகர், இரும்பு வேலை மண்பானை அப்புறம் சாவு வீட்டு மேளம் எல்லாம் கோத்தர், காட்டுல தேனும் மருந்தும் குறும்பர், கீழ்ச்சரிவுல இருளர். நெய் ஒரு பக்கம் போகும், தானியம் ஒரு பக்கம் போகும், கத்தி ஒரு பக்கம் போகும். ஒருத்தர் இல்லாம இன்னொருத்தருக்கு சாவு சடங்கு கூட முடியாது. எல்லாம் சமமா இருந்துச்சுன்னு சொல்ல வரல, யாரு மேல யாரு கீழங்கிறதும் அதுக்குள்ளயே இருந்துச்சு.

அதனால மேப்பை மேல இருந்து பார்த்து மட்டும் வரையாதீங்க, மலையை பக்கவாட்டுல வெட்டி வரைஞ்சு பாருங்க. எந்த உயரத்துல யாரு, அப்புறம் அவங்களுக்கு நடுவுல அம்புக்குறி போட்டு யாரு யாருக்கு என்ன குடுத்தாங்கன்னு எழுதுங்க. புள்ளி போட்டா யாரு எங்க இருக்கான்னு தெரியும், ஏன் சேர்ந்து இருக்காங்கன்னு தெரியாது, அதுக்கு அம்புக்குறி வேணும். அந்த வீட்டுநம்பர் அண்ணன் கேக்குறதும் இதுக்குள்ளயே வந்துரும், பீலியும் முனியாண்டி கல்லும் அந்த வெட்டுப்படத்துல போட்டா நல்லா இருக்கும்.

பதுளைரோட்டுப்_பனி:

டீச்சர் கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதிலே இல்ல, நைட்டெல்லாம் அதேதான் ஓடுச்சு. ஒலகத்த இப்போதைக்கு வச்சிட்டேன், கண்டி ராச்சியம் விழாத மலைநாடு மட்டும், பெரிய தாள்ல. கொழும்பு கரையில இருந்து பதுள வரைக்கும் ஒரு வெட்டுப்படம், தவளம் போற பாத, மன்னார் மாத்தள நடப்பாத, எல்லாம் அம்புக்குறியோட.

நாம எப்படி வந்தோம்னா, வெள்ளக்காரனுக்கு முன்னாடியே கண்டியில வீட்டுத் தோட்டத்துல காப்பி இருந்திருக்கு, பூவ கோயிலுக்கு வச்சிருக்காங்க. ராஜா அத பெருசா வியாபாரம் பண்ண நெனைக்கிறான், பறிக்க ஆள் வேணும்னு மதுர பக்கம் தன்னோட சொந்தக்காரங்க மூலமா சொல்லி அனுப்புறான், நாம வாறோம். நம்புற மாதிரி இருக்கா டீச்சர்?

வீட்டுநம்பர் அண்ணே, எங்க தோட்டத்த தனியா ஒரு சீட்ல வரையிறேன், ஆனா பழைய பேருங்க எனக்கு பாதிதான் தெரியும்.

ஹட்டன்_டீச்சர்:

வந்தது நம்புற மாதிரிதான் இருக்கு. ஆனா ராஜா நெலம் குடுத்தானா இல்லையா, அத முடிவு பண்ணாம பேனாவ எடுக்காதீங்க. குடுத்திருந்தா ஊர் ஊரா வரும், கோயிலச் சுத்தி வீடு, வயல், எல்லக் கல்லு. குடுக்கலன்னா அங்கயும் லயந்தான், பங்களாவுக்கு பதிலா வளவு, அதான் சிங்களப் பிரபு வீடு. பூஞ்ச வந்துச்சா இல்லையாங்கிறதும் எழுதணும். கலந்து நட்டிருந்தா அது அவ்வளவு வேகமா பரவியிருக்காது, அப்ப காப்பி இன்னும் இருக்கும், சனம் சீசனுக்கு கடல் தாண்டி போய்ட்டு வந்துக்கிட்டே இருக்கும். சீசனுக்கு ஒண்ணு, சீசன் இல்லாத காலத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு மெப் போடுங்க, புள்ளிங்க எடம் மாறும்.

வீட்டுநம்பர்_இல்லாதவன்:

சரி தோட்டத்து சீட்ட வரைஞ்சிட்டு போடு. பேரு கேட்டு எழுத ஒங்க லயத்துல வயசான பொம்பளைங்ககிட்ட போ, கொழுந்துக்கு போனவங்களுக்குத்தான் மலை மலையா தெரியும். ஒபிசுல கேக்காத, நம்பர்தான் சொல்லுவான்.

பதுளைரோட்டுப்_பனி:

கேக்கிறேன் அண்ணே. கோடு அண்ணா, கடைசியா ஒண்ணு, பேரு எழுதுற நேரம் தமிழ் எழுத்து பிஞ்சு வருது, கொம்பு எழுத்துக்கு பின்னால போய் நிக்குது. டவுன்ல ப்ரின்ட் எடுக்கவும் வேணும்.

கோடு_போடுறவன்:

பழைய வெர்ஷன் ஃபொட்டோஷொப்னா அந்தக் கரச்சல் வரும், டைப் செட்டிங்ல தெற்காசிய மொழிக்கு மாத்தணும். நீங்க இங்க்ஸ்கேப்ங்கிற வரையிற சொஃப்ட்வெயார்ல எழுதுங்க, ப்ரீ, கொம்பு ஒழுங்கா நிக்கும், நோட்டோ தமிழ் ஃபொன்ட் போதும். கியூஜிஐஎஸ்ல இருந்து எஸ்விஜியா எடுத்து அதுல தொறக்கலாம், ஆனா புள்ளி ரொம்ப கூடுனா ஒங்க லெப்டொப் தாங்காது, புள்ளிய மட்டும் படமா எடுத்து அடியில வச்சிட்டு பேர மேல எழுதுங்க. கடைக்கு குடுக்க முன்ன எழுத்தெல்லாம் செலக்ட் பண்ணி 'பாத்' (path), அதாவது வெறும் கோட்டு வடிவமா மாத்திருங்க, இல்லன்னா கடைக்காரன் மெஷின்ல அந்த ஃபொன்ட் இல்லாம கட்டம் கட்டமா அடிச்சு குடுப்பான். மாத்துனப்புறம் எழுத்த திருத்த முடியாது, அதனால ஒரிஜினல் ஃபைல வேற பேர்ல சேவ் பண்ணி வைங்க.