பினாங்கு, புக்கெட் குரூஸ்: கப்பல் டூர் வாங்கணுமா, நாமே இறங்கிச் சுற்றலாமா?

ஈசூன்வாசி: டிசம்பரில் அம்மா அப்பா ஊரிலிருந்து வருகிறார்கள். சிங்கப்பூர் மரினா பேயில் கிளம்பி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பலில் அறை போட்டாச்சு. இப்போது ஒவ்வொரு துறைமுகத்துக்கும் டூர் வாங்குங்கள் என்று கப்பல்காரர்கள் தினமும் மெயில் அனுப்புகிறார்கள். நாலு பேருக்குக் கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. வாங்கித்தான் ஆகணுமா?

கடற்காகம்: பினாங்குக்கு வாங்கவே வாங்காதீர்கள். கப்பல் வந்து நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் பியர் துறை, ஜார்ஜ் டவுன் நகரை ஒட்டியே இருக்கிறது. வெளியே வந்தால் மணிக்கூண்டு, பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை, அப்படியே நடந்தால் லிட்டில் இந்தியா, குயின் தெருவில் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோவில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் முதலில் கோவில், அப்புறம் சாப்பாடு. இதற்குப் போய் டூர் பஸ்ஸா?

மேலூரான்: வயதானவர்களோடு வெயிலில் நடந்தவர் பேசுகிற பேச்சாகத் தெரியவில்லையே. கப்பல் டூரில் போய் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய் பினாங்கு ஹில் மலை ரயில் வரிசையில் மாட்டிக்கொண்டால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு சொந்தச் செலவில்தான் ஓடணும். அந்தக் காசு எவ்வளவு ஆகும் என்று யோசியுங்கள்.

கடற்காகம்: ஹில்லுக்கு யார் சார் போகச் சொன்னது? நான் சொன்னது எல்லாம் கப்பலின் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிகிற தூரம். முடியாவிட்டால் கிராப் டாக்சி பிடித்தால் போச்சு. கப்பல் புறப்படும் நேரத்தை விட்டுவிட்டு, கடைசியாக ஏற வேண்டிய நேரம் என்று ஒன்று போட்டிருப்பார்கள், அதை மட்டும் பாருங்கள்.

சுங்கைவாலா: குறுக்கே ஒன்று கேட்கிறேன். எங்கள் கப்பல் போர்ட் கிள்ளானில் நிற்கிறது. அங்கிருந்து கோலாலம்பூருக்கு கொமியூட்டர் ரயில் இருக்கிறதாமே, மலிவு என்கிறார்கள்.

மேலூரான்: அங்கேதான் பல பேர் ஏமாறுகிறார்கள். ரயில் நிலையம் பழைய ஊரில் இருக்கிறது, கப்பல் வந்து நிற்பது இந்தா தீவில், இரண்டுக்கும் நடுவே நல்ல தூரம். டாக்சி, ரயில், அப்புறம் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி இன்னொரு வண்டி, திரும்ப அதே பாடு. பாதி நாள் ரோட்டிலேயே போய்விடும். கோலாலம்பூர் பார்த்தே தீரணும் என்றால் கப்பல் டூர்தான்.

கடற்காகம்: கிள்ளானுக்கு நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் அதை வைத்து பினாங்குக்கும் பயம் காட்டாதீர்கள்.

மேலூரான்: சரி, புக்கெட்டுக்கு என்ன சொல்கிறீர்கள்? அங்கே பாத்தோங் கடற்கரைப் பக்கம் பெரும்பாலும் கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிடும், சின்னப் படகில் கரைக்குப் போகணும். டூர் வாங்கினவர்களை முதலில் இறக்குவார்கள், மற்றவர்கள் டோக்கனோடு உட்கார்ந்திருக்கணும். முட்டி வலி உள்ளவர்களுக்கு அந்தப் படகில் கால் வைப்பதே பெரும்பாடு. டிசம்பரில் அங்கே கடல் அமைதியாக இருக்கும், அது ஒன்றுதான் ஆறுதல்.

கடற்காகம்: அதை விடப் பெரிய ஆபத்து கடிகாரம். தாய்லாந்து சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். கப்பலில் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தால், கரை இறங்கியதும் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். நாலு மணிக்கு ஏறணும் என்று போனைப் பார்த்து நாலுக்கு வந்தால் கப்பலில் மணி ஐந்து. கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு இறங்குங்கள்.

சுங்கைவாலா: ஈசூன், பெற்றோருக்கு இந்திய பாஸ்போர்ட் என்றால் சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியா என்று இப்போதே பாருங்கள். கப்பல் திரும்பி வருவதும் புது நுழைவுதான், அரைவல் கார்டு என்கிற வருகைப் படிவமும் மறுபடி போடணும்.

ஈசூன்வாசி: விசாவைப் பார்த்துவிட்டேன், மல்டிபிள்தான். பினாங்கில் நாங்களே இறங்குகிறோம். புக்கெட்டில் அம்மா கப்பலிலேயே இருக்கிறேன் என்கிறார், அப்பா படகில் ஏறியே தீருவாராம்.

மேலூரான்: அப்பாவுக்கு மட்டும் டூர் வாங்குங்கள்.

கடற்காகம்: ஒருத்தருக்கும் வேண்டாம். பாத்தோங்கில் கரை ஏறினால் கடற்கரைதான், அதற்கு வழிகாட்டி எதற்கு?