பந்தய சைட்டில் ஜெயித்த பணம் வரவில்லை, உரிமம் உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? (அவசரம்)

மூன்றாவது_ஸ்லிப்:
ஒரு சைட்டில் கிரிக்கெட் பந்தயம் கட்டினேன். கணக்கில் 640 காட்டுகிறது. எடுக்கப் போனால் மூன்று நாளாக "பரிசீலனையில்" என்றே நிற்கிறது. அடியில் உரிம எண் போட்டிருக்கிறார்கள், முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுக் குறியும் இருக்கிறது. நம்பலாமா?

தாமிரபரணி_தண்ணி:
640 ரூபாயா, டாலரா? எந்த ஊர்? தமிழ்நாடு என்றால் உரிமத்தைத் தேடவே வேண்டாம். இணையச் சூதாட்டத்துக்கு 2022 சட்டத்திலேயே தடை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக 2025-இல் மத்திய அரசும் சட்டம் போட்டுவிட்டது.

பூட்டுவிடு_தூது:
பூட்டுக் குறி இருந்தால் பாதுகாப்பான சைட்தான். பிரவுசர் கேச் அழித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

பழைய_மோடம்:
மாதம் ஒருமுறை இதே கேள்வி. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. உங்கள் போனுக்கும் அவர்கள் சர்வருக்கும் நடுவில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது, பூட்டுக்கு அர்த்தம் அவ்வளவுதான். திருடன் வீட்டுக் கதவிலும் பூட்டு தொங்கும் தம்பி.

மூன்றாவது_ஸ்லிப்:
சொல்ல மறந்துவிட்டேன், லண்டன். பவுண்டு. கிரெடிட் கார்டில் கட்டினேன்.

ஈஸ்ட்ஹாம்_அண்ணன்:
கிரெடிட் கார்டிலா? அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். 2020 ஏப்ரல் 14 முதல் பிரிட்டனில் உரிமம் உள்ளவர்கள் கிரெடிட் கார்டில் பந்தயப் பணம் வாங்கக் கூடாது.

இங்கே சூதாட்ட உரிமம் கொடுக்கும் அமைப்பான கேம்பிளிங் கமிஷன் தளத்தில் பொதுப் பதிவேடு இருக்கிறது. சைட்டில் இருக்கும் லோகோவை அழுத்திப் போகாதீர்கள், அது எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடும். முகவரியை நீங்களே தட்டுங்கள். எண்ணைப் போட்டால் ஒரு கம்பெனி பெயர் வரும். அதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் எண் நிஜமாகவே இருக்கும், ஆனால் அடுத்தவனுடையதாக இருக்கும். உள்ளே போனால் டொமைன் பட்டியல் உண்டு. உங்கள் சைட் முகவரி அதில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா, ஆக்டிவ் என்று போட்டிருக்கிறதா, பாருங்கள்.

கடைசி_ஓவர்:
எனக்குத் தெரிந்தவர் குராசோ (கரீபியன் தீவு) உரிமம் உள்ள சைட்டில் ஒழுங்காகப் பணம் எடுத்தாரே?

ஈஸ்ட்ஹாம்_அண்ணன்:
எடுத்திருக்கலாம். ஆனால் 2014 சட்டப்படி, எந்த நாட்டிலிருந்து நடத்தினாலும் பிரிட்டனில் இருப்பவரிடம் பந்தயம் வாங்க இங்குள்ள உரிமம் வேண்டும். நாளைக்குத் தகராறு வந்தால் குராசோவுக்கா போய் நிற்பார்?

கடைசி_ஓவர்:
சரி, ஆனால் கிரிக்கெட் பந்தயத்தைச் சூது என்பதே தப்பு. ரம்மி திறமை ஆட்டம் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. பிட்ச், டாஸ், ஃபார்ம் எல்லாம் பார்த்துக் கட்டுவது திறமை இல்லையா?

தாமிரபரணி_தண்ணி:
ரம்மி ஆடுகிறவன் சீட்டைத் தன் கையால் எடுக்கிறான். இங்கே நீங்களா பந்து போடுகிறீர்கள்?

கடைசி_ஓவர்:
அப்போது பங்குச் சந்தை மட்டும் என்னவாம்?

பழைய_மோடம்:
ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டவர் எங்கே?

மூன்றாவது_ஸ்லிப்:
எண்ணைப் போட்டுப் பார்த்தேன். ஏதோ பிங்கோ கம்பெனி வருகிறது. டொமைன் பட்டியலில் இந்த சைட் இல்லை. இப்போது சாட்டில் வரியாக 96 பவுண்டு முதலில் கட்டினால் உடனே விடுவிப்போம் என்கிறார்கள். கட்டிப் பார்க்கவா?

ஈஸ்ட்ஹாம்_அண்ணன்:
ஒரு பென்னி கட்டாதீர்கள்! பந்தயத்தில் ஜெயித்த பணத்துக்கு இங்கே ஆடுபவர் வரியே கட்டுவதில்லை. கார்டு கொடுத்த வங்கிக்கு இப்போதே போன் போட்டு, கார்டை நிறுத்தச் சொல்லுங்கள், போட்ட பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அந்த 640-ஐ மறந்துவிடுங்கள், அது திரையில் தெரிந்த எண் மட்டும்தான். அப்புறம், பாஸ்போர்ட் படம் ஏதும் அனுப்பினீர்களா?

மூன்றாவது_ஸ்லிப்:
கார்டை நிறுத்தியாச்சு. நன்றி.

ஈஸ்ட்ஹாம்_அண்ணன்:
பாஸ்போர்ட்?

ஈஸ்ட்ஹாம்_அண்ணன்:
தம்பி, இருக்கிறீர்களா?

பூட்டுவிடு_தூது:
கேச் அழித்துப் பார்த்தாரா இல்லையா?